பத்து டாலர் திரைக்கதை: பிரெஸ்டன் ஸ்டர்ஜஸ் செய்தது தியாகமா?

கொட்டகைக்காரன்:
எழுத்தாளனின் மானத்தைக் காக்கத் தன் பிழைப்பையே பணயம் வைத்த ஏழை என்று ஹாலிவுட் எழுத்தாளரும் இயக்குநருமான பிரெஸ்டன் ஸ்டர்ஜஸைப் பற்றி இங்கே ஒருவர் உருகியிருப்பதைப் படித்து எரிச்சல்தான் வந்தது. 'தி கிரேட் மெக்கின்டி' திரைக்கதையை, தாமே இயக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, பாரமவுண்ட் பட நிறுவனத்துக்கு அவர் 10 டாலருக்குக் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த 10 டாலர், ஒப்பந்தம் சட்டப்படி செல்லுபடியாக வேண்டும் என்பதற்காகக் கைமாறிய பெயரளவுத் தொகை. 1929-லேயே நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் வெற்றி நாடகம் கொடுத்து, 1933-இல் 'தி பவர் அண்ட் தி குளோரி' திரைக்கதைக்கு வசூலில் பங்கு பேசியவர் ஏழையா?

செவ்வந்தி:
உருகியவள் நான்தான், பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். இங்கே முன்பு நடந்த சாப்ளின் விவாதத்தில் பட்ட காயம் உங்களுக்கு இன்னும் ஆறவில்லை போலும். 10 டாலர் என்றால் 10 டாலர்தான். அந்தத் துணிவால்தான் 1940-இல் படம் வெளிவந்தது. அசல் திரைக்கதைக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட ஆஸ்கரும் அவருக்கே கிடைத்தது.

கொட்டகைக்காரன்:
ஆஸ்கரை யார் மறுத்தார்கள்? படத்தையாவது பார்த்தீர்களா, அம்மா? அதில் மெக்கின்டி என்னும் நாடோடி, ஓட்டுக்கு 2 டாலர் என்ற கணக்கில் ஒரே தேர்தலில் 37 கள்ள ஓட்டுப் போட்டுவிட்டுக் கூலிக்கு வந்து நிற்கிறான். கள்ள ஓட்டுக்காரனுக்கு 74 டாலர், அவனை எழுதியவருக்கு 10 டாலர் என்று நீங்கள் கண்ணீர் விடலாம், ஸ்டர்ஜஸ் சிரித்திருப்பார். அவர் வாங்கியது இயக்குநர் நாற்காலி. கொடுத்த விலை மலிவு.

நிலாமுற்றம்:
10 டாலரையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 1940 முதல் 1944 வரை பாரமவுண்டுக்கு 8 படங்கள் தந்தவர், அங்கிருந்து விலகிக் கோடீஸ்வரர் ஹோவர்ட் ஹியூஸுடன் கூட்டுச் சேர்ந்து, மௌனப்பட நகைச்சுவை நடிகர் ஹரால்ட் லாய்டை வைத்து எடுத்த படத்தோடு சறுக்கினாரே, அதைப் பேசக்கூடாதா?

கொட்டகைக்காரன்:
முதலில் அதை 'லாயிட்' என்று எழுதப் பழகுங்கள்.

நிலாமுற்றம்:
'லாய்டு' என்று சென்ற மாதம் எழுதியவர் தாங்கள்தான், ஐயா.

செவ்வந்தி:
சம்பளமே இல்லாமல் ஒரு திரைக்கதையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, 10 டாலர் பெயரளவா என்று சொல்லுங்கள்.

கொட்டகைக்காரன்:
இன்றே எழுதித் தருகிறேன். நான் இயக்குவதற்கு ஒரு பாரமவுண்டை நீங்கள் பிடித்துத் தாருங்கள். அதுவரை அந்த 10 டாலர் பெயரளவுத் தொகையே.