நிமிர்ந்த முதுகும் நிமிராத மூச்சும்: மூவரின் அனுபவங்கள்

ஒரு தாய்

என் மகனுக்கு டூஷென் வகைத் தசைச்சிதைவு நோய். 11 வயதில் நடை நின்று சக்கர நாற்காலிக்கு வந்தான். அடுத்த ஆண்டு, சட்டை மாட்டிவிடும்போது ஒரு தோள் தாழ்ந்திருப்பதையும், எப்போதும் இடப்பக்கமே பாரம் கொடுத்து உட்காருவதையும் கண்டேன். சோம்பலில் சாய்கிறான் என்று எண்ணி, நிமிர்ந்து உட்காரச் சொல்லி அதட்டியிருக்கிறேன்; அது இன்றும் உறுத்துகிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பு வளைவு 24 டிகிரி என்றார்கள், ஓராண்டில் அது 41 ஆனது. இடையில் அணிவித்த முதுகுப் பட்டை உட்காரத் துணை செய்ததே தவிர வளைவைத் தடுக்கவில்லை. வயிற்றை இறுக்கியதால் மூச்சுதான் வாங்கியது.

அறுவை சிகிச்சைக்குச் சம்மதித்தபோது, மருத்துவர் முதுகைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே இதயத்துக்கு எக்கோ ஸ்கேனும் நுரையீரலுக்கு ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சளவுச் சோதனையும் எடுத்துவரச் சொன்னார். மூச்சுக் கொள்ளளவு, இருக்க வேண்டியதில் 46 சதவீதமாக இருந்தது. அது 30-ஐ நெருங்கினால் அறுவைக்குப் பின் செயற்கைச் சுவாசத்திலிருந்து மீள்வது கடினம் என்றும், தசைநோய் உள்ளவர்களுக்கு, மயக்கம் தரும்போது தசையைத் தளர்த்தும் சக்சினைல்கோலின் என்ற மருந்தைத் தரக் கூடாது என்றும் மயக்க மருந்து நிபுணர் விளக்கினார். காற்றை அழுத்தித் தந்து மூச்சுக்குத் துணை செய்யும் பைபாப் முகமூடியையும் இருமல் உதவிக் கருவியையும் முன்கூட்டியே பழக்கிவிட்டார்கள்.

மார்பு முதல் இடுப்பு வரை உலோகத் தண்டுகள் வைத்து முதுகெலும்பை இணைத்த பிறகு, அவன் வலியின்றி நேராக உட்கார்ந்தான். ஆனால் இரண்டு விஷயங்களுக்கு நான் தயாராக இருக்கவில்லை. முதுகு வளையாததால், குனிந்து கையருகே வாயைக் கொண்டுபோய்ச் சாப்பிடும் அவனுடைய வழி அடைபட்டது. மேசையை உயர்த்தி, முழங்கைக்கு முட்டுக் கொடுத்த பிறகே மீண்டும் தானாகச் சாப்பிட்டான். மற்றொன்று மூச்சு. முதுகு நிமிர்ந்தால் மூச்சும் தேறும் என்று நம்பியிருந்தேன்; அடுத்த ஆண்டுப் பரிசோதனையில் அளவு மேலும் இறங்கியிருந்தது. வளைவு நெஞ்சுக்கூட்டை நெருக்குவது உண்மைதான் என்றாலும், உதரவிதானமும் விலாத் தசைகளும் தம் போக்கில் பலமிழந்துகொண்டுதான் இருக்கின்றன.

தசைநோயுடன் வாழும் ஒருவர், வயது 29

மருத்துவர்கள் என்னிடம் ஆண்டுகணக்கில் கேட்ட கேள்வி, "மூச்சுத் திணறுகிறதா?" என்பது. இல்லை என்பேன், அது பொய்யும் அல்ல. ஓடாதவனுக்கு, மாடிப்படி ஏறாதவனுக்கு, எங்கிருந்து மூச்சிரைக்கும்? காலையில் தலைவலி எப்படி, இரவில் எத்தனை முறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்கிறாய், கெட்ட கனவு வருகிறதா, பகலில் கண் சொருகுகிறதா என்று கேட்டிருந்தால் எல்லாவற்றுக்கும் ஆம் என்றிருப்பேன். பசியும் போயிருந்தது, மனச்சோர்வு என்று அதற்கு மாத்திரையும் விழுங்கினேன்.

பகலில் விரலில் மாட்டிய கருவி இரத்தத்தில் ஆக்சிஜன் 97 சதவீதம் என்று காட்டியது. உறக்கத்தில் கரியமில வாயுவையும் சேர்த்து அளந்தபோதுதான், இரவெல்லாம் மேலோட்டமாகவே மூச்சு விட்டு அந்த வாயுவை உள்ளேயே தேக்கிக்கொண்டிருந்தது தெரிந்தது. பைபாப் தொடங்கிய முதல் இரண்டு வாரம் நரகம். மூக்குத்தண்டு புண்ணாகி, காற்றுக் கசிந்து கண்ணில் அடித்தது. மூக்குத் துளையோடு மட்டும் பொருந்தும் வகைக்கு மாறிய பின் சரியானது. ஒரு மாதத்தில் தலைவலி இல்லாத காலையைப் பார்த்தேன்.

ஓர் அண்ணன்

என் தம்பிக்கும் தசைநோய். அன்று வந்தது சாதாரணச் சளிதான். இருமலின் வேகம் நிமிடத்துக்கு 270 லிட்டருக்குக் கீழே போனாலே இருமுவதற்குத் துணை வேண்டும் என்பார்கள், அவனுக்கு 180. சளியை வெளியேற்ற முடியாமல் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆக்சிஜன் மட்டும் வைத்தார்கள். திரையில் ஆக்சிஜன் எண் ஏறியதும் அனைவரும் நிம்மதியடைந்தோம். அவனோ மேலும் மேலும் மயங்கிச் சரிந்தான். இரத்தத்தில் கரியமில வாயுவைப் பார்த்த பிறகே, குறை காற்றில் அல்ல, காற்றை இழுத்துத் தள்ளும் தசையில் என்று உணர்ந்து பைபாப் பொருத்தினார்கள். மூன்று மணி நேரத்தில் கண் விழித்து என் பெயரைச் சொன்னான்.

இப்போது அவன் நாற்காலியின் பின்பையில் நுரையீரல் மருத்துவர் எழுதித் தந்த ஒரு பக்கக் கடிதம் இருக்கிறது: நோயின் பெயர், கருவியின் அழுத்த அளவுகள், மூச்சுத் துணையின்றி ஆக்சிஜன் மட்டும் தர வேண்டாம் என்ற வரி, தவிர்க்க வேண்டிய மயக்க மருந்து. கருவியும் கூடவே வரும், எங்கே போனாலும்.