அவசரம்: சேவல் பிடிபடமாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

கீழத்தெரு77:
வணக்கம். வீட்டுச் சேவலை நாளைக் காலைக்குள் பிடித்தாக வேண்டும். நானும் தம்பியும் பகல் முழுக்கத் துரத்தியதுதான் மிச்சம். கிட்டே போனால் எகிறி அடிக்கிறது. சேவலின் கால் முள் அம்மா காலில் ஏறிவிட்டது. மீன் வலை போட்டால் சரிவருமா? சீக்கிரம் சொல்லுங்கள்.

பஞ்சாரம்:
எதற்குப் பிடிக்க வேண்டும்? குழம்புக்கா, விற்கவா? இரவில் எங்கே அடைகிறது? ஒன்றுமே சொல்லவில்லையே.

செம்மண்காடு:
வலை வேண்டவே வேண்டாம். முள்ளும் விரலும் சிக்கிக்கொண்டு உதறுகிற உதறலில் கால் பிசகிவிடும். அம்மா என்ன நிறப் புடவை கட்டியிருந்தார்? சிவப்பாக இருக்கும், பந்தயம் கட்டுகிறேன்.

தோட்டத்துப்பெரியவர்:
இதற்கு நான் பலமுறை பதில் எழுதியாயிற்று. தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. சேவலைத் துரத்துகிறவருக்குக் கோழி வளர்க்கத் தெரியாது என்றுதான் அர்த்தம். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அடைந்த பிறகு சத்தமில்லாமல் போய் எடுக்க வேண்டியதுதானே?

பஞ்சாரம்:
எடுக்கலாம் ஐயா. எங்கே அடைகிறது என்று அவர் வாயைத் திறந்தால்.

கீழத்தெரு77:
முருங்கை மரத்தில், உச்சியில். தம்பி ஏறப் போகிறான்.

பஞ்சாரம்:
தம்பியை முதலில் நிறுத்துங்கள்! முருங்கைக் கிளை ஆள் பாரம் தாங்காது, மளுக்கென்று ஒடியும். பெட்டைகளை எங்கே அடைக்கிறீர்கள்?

கீழத்தெரு77:
பழைய மாட்டுக் கொட்டகையில். கதவு இருக்கிறது.

பஞ்சாரம்:
அப்புறம் என்ன, வேலை முடிந்தது. இன்றிரவே பெட்டைகளைக் கொட்டகைக்குள் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடிவிடுங்கள். விடிந்ததும் வெளியே விடாதீர்கள். உள்ளே கொஞ்சம் கம்பு தூவி, கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சேவல் இறங்கி வந்து பெட்டைகளைத் தேடி உள்ளே போகும். கதவைச் சாத்தி, சன்னல் இடுக்கில் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்குங்கள். ஒருவர் மட்டும் உள்ளே போய், மூலையில் ஒதுக்கி, கனமான துண்டைத் தலையோடு போர்த்த வேண்டும். இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அமுக்கித் தூக்குங்கள். வாலைப் பிடித்தால் இறகுதான் கையில் வரும். ஒற்றைக் காலையோ ஒற்றை இறக்கையையோ பிடித்து இழுத்தால் மூட்டு விலகும்.

சந்தைமேட்டான்:
இத்தனை சடங்கு எதற்கு? இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டால் பெட்டிப் பாம்பாய் அடங்கிவிடும். அய்யலூர் வியாழக்கிழமைச் சந்தைக்கு வந்து பாருங்கள்.

கால்நடைமாணவி:
அடங்குவது வேறு, மூச்சு முட்டி ஓய்வது வேறு. நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானம் நம்மைப் போலக் கோழிக்குக் கிடையாது. தலைகீழானால் குடலும் ஈரலும் காற்றுப்பைகள் மேல் சாயும். தீனிப்பை நிரம்பியிருந்தால் இரை வாய்க்கு வந்து மூச்சுக்குழலுக்குள் போகவும் வாய்ப்பு உண்டு. பிடித்த பிறகு மார்பு உங்கள் முன்கையில் படுத்திருக்கட்டும். இரண்டு கால்களையும் விரல்களுக்கு இடையில் வைத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் பார்க்கிற மாதிரி அக்குளில் இடுக்கிக்கொள்ளுங்கள். மார்பை இறுக்க வேண்டாம், அது அசைந்தால்தான் மூச்சு விட முடியும். முகத்தருகே கொண்டுபோகாதீர்கள், கண்ணைக் கொத்தும்.

சந்தைமேட்டான்:
என் தாத்தா காலத்திலிருந்து தொங்கவிட்டுத்தான் கொண்டுபோகிறோம். ஒன்றும் சாகவில்லை.

தோட்டத்துப்பெரியவர்:
காலேஜ் பாடமெல்லாம் களத்தில் செல்லாது அம்மா.

கால்நடைமாணவி:
களத்தில் இறக்கை பிசகிய கோழிகள்தான் ஐயா எங்கள் மேசைக்கு வருகின்றன. வெயில் ஏறிய பிறகு துரத்தித் துரத்தியே மயங்கியவையும் வருகின்றன. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். செம்மண்காடு, புடவை நிறத்தை விடுங்கள். பெட்டைகளுக்குக் காவல் நிற்கிற சேவல் அது. சுற்றிச் சுற்றி ஓடினால் சண்டைக்கு அழைப்பதாகத்தான் நினைக்கும்.

செம்மண்காடு:
எங்கள் சேவல் சிவப்பு வாளியைக் கூட விடாது. நான் கண்ணால் பார்த்தது.

மயில்சேவல்:
எகிறி அடிக்கிறது என்றால் நல்ல ரகம். நிறத்தில் காகமா, கீரியா, மயிலா? என்ன விலை? ஊரைச் சொன்னால் நானே வந்து பிடித்துக்கொள்கிறேன்.

பஞ்சாரம்:
எதற்கு என்று தெரிகிறது, சேவல் சண்டைக்குத்தானே? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது தம்பி.

மயில்சேவல்:
வளர்க்கத்தான் கேட்டேன். அதற்குள் சட்டமா?

சந்தைமேட்டான்:
இவர்களுக்குக் கோழியைத் தொட்டாலே வதை.

வேப்பமரத்தடி:
அம்மா காலைப் பற்றி யாருமே கேட்கவில்லையே! சேவல் முள் குத்தினால் வெளியே சின்னத் துளையாகத் தெரியும், உள்ளே ஆழமாகப் போயிருக்கும். மஞ்சள் அப்பி மூடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் வராமல் தடுக்கிற டிடி ஊசி பற்றிக் கேளுங்கள். வீங்கினாலோ சிவந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

கீழத்தெரு77:
சரி, கழுவச் சொல்கிறேன். நாளை ஊரில் கோழிகளுக்குத் தடுப்பூசி முகாம், அதற்குத்தான் பிடிக்கிறோம்.

பஞ்சாரம்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கலாம்.

கால்நடைமாணவி:
வெள்ளைக் கழிச்சல் என்கிற கோழி நோய்க்கான ஊசியாக இருக்கும். அது வருமுன் காப்பதற்கு, வந்ததைக் குணப்படுத்தாது. ஏதாவது கோழி சோர்ந்து பச்சையாகக் கழிந்தால் அதை முகாமுக்குக் கொண்டுபோகாமல் டாக்டரிடம் மட்டும் சொல்லுங்கள். சேவலைக் காற்றோட்டமான கூடையில் கொண்டுபோங்கள், சாக்கில் கட்டாதீர்கள்.

கீழத்தெரு77:
பிடித்தாச்சு, ஊசி போட்டாச்சு. அம்மாவுக்கும் போட்டாச்சு. எல்லோருக்கும் நன்றி. இந்த முள்ளை வெட்டிவிடலாமா?

கால்நடைமாணவி:
அடியோடு வெட்டாதீர்கள். உள்ளே எலும்பு இருக்கிறது, ரத்தம் கொட்டும். கூரான நுனியை மட்டும் அரத்தால் மழுங்கத் தேய்த்தால் போதும். ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

செம்மண்காடு:
பிடித்தபோது என்ன நிறச் சட்டை போட்டிருந்தீர்கள்?