பற்றரி செத்தால் சேவ் போகுமா, போகாதா?

உவர்மலை_ராசா:
நேற்றிரவு இங்கே ஒருத்தர் சொன்ன புத்திமதியை வாசித்துவிட்டு எனக்கு நித்திரையே வரவில்லை. உப்புவெளித் தம்பி கேட்டது சின்னக் கேள்வி: கையில் பிடித்து விளையாடுகிற கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி மெஷினுக்கு, எஸ்டி கார்டில் கேமைப் போட்டு ஓட்டுகிற ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜ் ஒன்று வேண்டும், எவர்டிரைவ் எக்ஸ்5 வாங்கவா, ஈசி-ஃபிளாஷ் ஒமேகா டிஇ வாங்கவா. அதற்குக் கிண்ணியாக்காரர், "எதை வாங்கினாலும் ஒன்றுதான், பற்றரி செத்தாலும் சேவ் போகாது" என்று எழுதியிருக்கிறார். சேவ் என்றால் விளையாடி முடித்த இடத்தைக் கேம் பதிந்து வைப்பது. போகாதா? நான் 2 வருஷம் மினக்கெட்டு விளையாடிய போக்கிமான் கோல்ட் ஒரு நாள் காலையில் போட்டுப் பார்த்தால் புதிதாகத் தொடங்கச் சொல்கிறது. கழற்றிப் பார்த்தேன், உள்ளே சிஆர்2025 பொத்தான் பற்றரி செத்துக் கிடக்கிறது. பற்றரி செத்தால் சேவ் போகும். அவ்வளவுதான்.

கிண்ணியா_கில்லாடி:
ராசா அண்ணன், வடிவாக வாசியுங்கள். நான் சொன்னது அட்வான்ஸுக்கு வந்த போக்கிமான் கேம்கள், ரூபி, சபையர், எமரால்ட். அதில் சேவ் இருப்பது கரண்ட் இல்லாமலே நிற்கிற ஃபிளாஷ் மெமரியில். சிஆர்1616 பற்றரி இருப்பது மணிக்கூட்டுக்கு. அது செத்தால் கேமே சொல்லும், பற்றரி முடிந்தது, ஆனாலும் விளையாடலாம் என்று. கேமுக்குள்ளே பெர்ரி வளராது, ஒரு குகையில் கடல் ஏறி இறங்காது, இப்படி மணிக்கூட்டைப் பார்த்து நடக்கிறவைதான் நிற்கும். பற்றரி செத்தாலும் சேவ் போகாது.

உவர்மலை_ராசா:
கடல் ஏறி இறங்காதாம்! கோணேசர் மலைக்குக் கீழே போய்ப் பாரும், அங்கே பற்றரி போட்டா ஏறி இறங்குது. கதையை மாற்ற வேண்டாம். என் சேவ் போனது போனதுதானே?

நிலாவெளி_நண்டு:
இரண்டு பேரும் இரண்டு வேறு கேமைப் பற்றிக் கதைக்கிறீர்கள். தம்பி கேட்டது இரண்டையும் இல்லை, ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜை. எக்ஸ்5இல் சேவ் முதலில் பற்றரி பிடித்து வைத்திருக்கிற எஸ்ராம் என்ற மெமரியில் நிற்கும், அடுத்த முறை ஆன் பண்ணும்போதுதான் எஸ்டி கார்டுக்குப் போகும். அதனால் அதில் பற்றரி செத்தால் கடைசியாக விளையாடியது போகும். ஒமேகா டிஇயில் எஃப்ராம் என்ற வேறு மெமரி, சேவைப் பிடித்து வைக்க அதற்குக் கரண்டே தேவையில்லை, பற்றரி மணிக்கூட்டுக்கு மட்டும்.

உவர்மலை_ராசா:
பார்த்தீர்களா, நண்டே சொல்லிவிட்டது. போகும்.

கிண்ணியா_கில்லாடி:
பார்த்தீர்களா, நண்டே சொல்லிவிட்டது. போகாது.

மடத்தடி_மாமா:
என்ன பற்றரி? என்னுடைய எஸ்பியில் பின்பக்கத்து லித்தியம் பற்றரி ஊதிப்போய் மூடியே மூடுபடவில்லை, ஆனால் சேவ் அப்படியே இருக்கிறது. 2022இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டினார்களே, அப்போது பிள்ளைகளுக்கு இது ஒன்றுதான் வெளிச்சம். ஆகவே கிண்ணியாத் தம்பி சொல்வது சரி.

நிலாவெளி_நண்டு:
மாமா, அது மெஷினின் பற்றரி. இவர்கள் சண்டை பிடிப்பது கார்ட்ரிட்ஜுக்குள் இருக்கிற பற்றரிக்கு.

மடத்தடி_மாமா:
கார்ட்ரிட்ஜ் இல்லை, கசெட். நாங்கள் அந்தக் காலத்தில் கசெட் என்றுதான் சொன்னோம், வாயால் ஊதிப் போட்டால் ஓடும்.

உவர்மலை_ராசா:
ஊதியே நாசமாக்கினது நீங்கள்தான் மாமா. நம்முடைய ஊர் உப்புக்காற்று போதாதென்று எச்சிலையும் பிடித்து ஊதினால் அந்தச் செப்புக்கால் பச்சை பிடிக்காமல் என்ன செய்யும்? ஐசோபுரொப்பைல் அல்ககோலில் பஞ்சைத் தொட்டுத் துடையுங்கள். அது கிடக்கட்டும், நான் விட்ட இடத்துக்கு வருகிறேன். கில்லாடிக்குப் பற்றரி பற்றிக் கதைக்க என்ன தகுதி? 2008இல் என்னிடம் நின்டெண்டோ டிஎஸ்ஸுக்குப் போடுகிற ஆர்4 ஃபிளாஷ் கார்ட்ரிட்ஜை வாங்கிக்கொண்டு போனவர் யார்? உள்ளே 2 ஜிபி மெமரி கார்டோடு தந்தேன். கேட்டபோதெல்லாம் "பாதைப் படகு ஓடவில்லை, கடல் சரியில்லை" என்று சாக்கு. 2009இல் கிண்ணியாப் பாலமே திறந்துவிட்டார்கள், என்னுடைய கார்டு இன்னும் பாலம் தாண்டவில்லை.

கிண்ணியா_கில்லாடி:
ஆர்4 வந்து சேர்ந்தது அண்ணன், பொய் சொல்ல வேண்டாம்.

உவர்மலை_ராசா:
ஆர்4 வந்தது. 2 ஜிபி கார்டு எங்கே? உள்ளே 4 ஜிபி கார்டைச் செருகி அனுப்பியிருந்தீர். அந்தப் பழைய ஆர்4 2 ஜிபிக்கு மேலே எதையும் கண்ணெடுத்தும் பார்க்காது என்பது தெரியாதவர், எவர்டிரைவுக்கு ஆலோசனை சொல்ல வந்துவிட்டார்.

கிண்ணியா_கில்லாடி:
பெரிய கார்டு தந்ததற்கு நன்றி சொல்லாமல் பேச்சைப் பாருங்கள். சரி, ஒன்று கேட்கிறேன். கோல்ட் 1999இல் ஜப்பானில் வந்த கேம் பாய் கலர் காலத்துக் கேம். தம்பி கேட்டது அட்வான்ஸ். நீங்கள் ஏன் கோல்டையே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறீர்கள்? உங்களுடையது ஒரிஜினல்தானா? அட்வான்ஸில் வந்த போக்கிமான் ஃபயர்ரெட்டுக்குப் பற்றரியே கிடையாது, நகல் ஃபயர்ரெட்டைத் திறந்தால் பற்றரி ஒட்டியிருக்கும், அதில் சேவ் போகாவிட்டால்தான் அதிசயம்.

உவர்மலை_ராசா:
என்னுடைய கோல்டை நகல் என்று சொன்ன வாயை முதலில் கழுவும். மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து தந்தது. முன்பக்கத்து ஸ்டிக்கரில் அழுத்தின எண் இருக்கிறது, உள்ளே பலகையில் கம்பெனிப் பெயர் இருக்கிறது. ஒரிஜினல்தான், பற்றரி செத்தது, சேவ் போனது. மூன்றுமே உண்மை. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும், செத்த பற்றரியைப் பிரேம் போட்டு மாட்டவா?

மடத்தடி_மாமா:
எந்த மாமா? நான் கொண்டுவரவில்லை.

உப்புவெளி_தம்பி:
அண்ணா, நானா, மாமா எல்லாருக்கும் வணக்கம். ஒரு கிழமையாகக் கேட்கிறேன். கடைக்காரர் கொழும்பிலிருந்து ஆளனுப்பும்போது எடுத்து வரலாம் என்கிறார், நாளைக்குள் சொல்ல வேண்டும். எக்ஸ்5ஆ, ஒமேகா டிஇயா?

நிலாவெளி_நண்டு:
ரூபி, எமரால்ட் எல்லாம் இரண்டிலும் மணிக்கூட்டோடு ஓடும். சேவுக்காகப் பயப்படுகிறாய் என்றால் டிஇ. எதை வாங்கினாலும் எஸ்டி கார்டை ஃபேட்32இல் ஃபோர்மட் பண்ணு, மலிவு விலைக் கார்டை நம்பாதே, 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே அவ்வளவு இருக்காது.

உவர்மலை_ராசா:
தம்பி, அவசரப்படாதே. முதலில் கில்லாடி நானா ஒரு வரி எழுதட்டும், பற்றரி செத்தால் சேவ் போகும் என்று. பிறகு நான் உனக்கு விளக்கமாகச் சொல்கிறேன்.

கிண்ணியா_கில்லாடி:
எழுதுகிறேன், வாசியுங்கள்: ரூபியில் போகாது.

உவர்மலை_ராசா:
ரூபியை யார் கேட்டது? 2 ஜிபி கார்டு எங்கே?