நாகூர், வேளாங்கண்ணி பக்கம் உள்ளவர்கள் உதவ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். முதுகலை வரலாறு படிக்கிறேன். ஆய்வேட்டுக்காக நாகப்பட்டினத்தில் மூன்று நாள் சுற்றினேன். நாகூர் தர்காவில் பொட்டு வைத்த ஒரு தாய், குழந்தைக்கு மொட்டையடித்து, தலையில் சந்தனம் பூசிக்கொண்டிருந்தார். மறுநாள் வேளாங்கண்ணியிலும் அதே மொட்டை, அதே சந்தனம். எங்கள் குலதெய்வக் கோயிலில் எனக்கு மொட்டையடித்த நினைவு வந்தது. மதங்களை வேறுபாடுகளின் பட்டியலாகவே படித்துவந்த எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

தர்காவின் உயர்ந்த மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப்சிங். நாகப்பட்டினத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தை அளித்தார். புத்தகத்தில் இவ்வளவும் கிடைக்கிறது. வேண்டுதல் வைத்தவரின் மனம் கிடைக்கவில்லை.

அந்தத் தாயிடம் பேசத் தயங்கித் திரும்பிவிட்டேன். "எதற்காக இந்த வேண்டுதல்?" என்று முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கேட்பது? மதம் கடந்து நேர்த்திக்கடன் செலுத்தும் குடும்பம் உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர்களுக்குச் சம்மதமென்றால், அறிமுகப்படுத்துங்கள். பெயரை எங்கும் எழுத மாட்டேன். நாகப்பட்டினத்தில் 1867இல் இடிக்கப்பட்ட பழைய பௌத்தக் கட்டடமான புதுவெளிக் கோபுரத்தைப் பற்றித் தாத்தா, பாட்டி சொன்ன கதை ஏதேனும் உங்கள் வீட்டில் உண்டா? அரைகுறையாக நினைவிருந்தாலும் போதும், எழுதுங்கள். தர்காவின் கந்தூரி விழா சமயத்தில் மறுபடி வருகிறேன். கூட்டத்தில் பெண்கள் தனியாக வந்து நிற்க வசதிப்படுமா என்பதையும் யாராவது சொல்லுங்கள். அம்மா அதைத்தான் முதலில் கேட்கிறார்.