குழாய்க்கு வயது பார்த்து மாற்றுவதா, வியாதி பார்த்து மாற்றுவதா?

மேடுபள்ளம்:
சாலைகளைப் பற்றிய இழையில் பேச்சு சாக்கடைக்குள் இறங்கிவிட்டதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன். என் கட்சி எளிமையானது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மேலே இருக்கும் சாலை, இவை ஒவ்வொன்றும் எந்த வருஷம் போட்டது என்று பதிவேட்டில் இருக்கும், எத்தனை வருஷம் தாங்கும் என்றும் இருக்கும். அந்த வருஷம் வந்ததும் தெருவை ஒரே தடவை தோண்டி மூன்றையும் மாற்றி மூடிவிட வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு ஆய்வு, மதிப்பீடு, இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை என்று இழுப்பது செலவைத் தள்ளிப்போடக் கண்டுபிடித்த கௌரவமான வழி. அவ்வளவுதான்.

குழாயடி:
தம்பி, நான் இருபது வருஷமாகக் குடிநீர் வேலையில் இருக்கிறேன், பதிவேட்டில் எழுதியிருக்கும் ஆயுளை நம்பி ஏமாந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். கனடாவில் கால்கரி நகரத்தின் முக்கியக் குடிநீர்க் குழாய் 1975-ல் போட்டது, நூறு வருஷம் தாங்கும் என்று கணக்கு. 2024 ஜூனில் வெடித்தது, பாதி ஆயுள்கூட முடியவில்லை. அது கான்கிரீட்டைச் சுற்றி விறைப்பாக இழுத்துக் கம்பி கட்டிய குழாய். மேல்பூச்சு கெட்டு, மண்ணில் இறங்கிய உப்பு கம்பியைத் தொட்டு, கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்திருக்கின்றன. இந்தப் பக்கம் பிரான்சில் வெர்சாய் அரண்மனைத் தோட்டத்துக்கு 1664-ல் போட்ட வார்ப்பிரும்புக் குழாய் முந்நூறு வருஷத்துக்கு மேல் உழைத்தது. உங்கள் கணக்குப்படி அதை எத்தனை தடவை தோண்டி எடுத்திருக்க வேண்டும்? குழாயைக் கொல்வது வயசு இல்லை. மண், அழுத்தம், போட்டவன் கைவேலை, மேலே ஓடும் லாரி, இவைதான் கொல்கின்றன.

மேடுபள்ளம்:
தம்பி என்று கூப்பிட்டால் வாதம் ஜெயித்துவிடுமா சார்? உதாரணம் என்னிடமும் இருக்கிறது. 2025 ஜனவரியில் ஜப்பானில் யாஷியோ என்ற ஊரில் நாற்சந்தி நடுவே சாலை உள்வாங்கி ஒரு லாரி ஓட்டுநரோடு உள்ளே போனது. அடியில் சுமார் பத்து மீட்டர் ஆழத்தில் 1983-ல் பயன்பாட்டுக்கு வந்த பெரிய சாக்கடைக் குழாய். ஏறக்குறைய 12 லட்சம் பேரிடம் கழிவுநீரைக் குறைவாக விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. இதில் வேடிக்கை என்ன தெரியுமா, அந்தக் குழாயைச் சில வருஷங்களுக்கு முன்னால்தான் ஆய்வு செய்து உடனடியாகப் பழுது பார்க்கத் தேவையில்லை என்று எழுதி வைத்திருந்தார்கள். ஆய்வு செய்யாமல் விட்டால் நமக்குப் பயமாவது இருக்கும். ஆய்வு செய்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடுகிறது.

கேமராக்காரன்:
இரண்டு பேருக்கும் நடுவில் வருகிறேன், சாக்கடைக்குள் கேமரா விடுவதுதான் என் பிழைப்பு. யாஷியோ விஷயத்தில் மேடுபள்ளம் சொல்வது தப்பில்லை, ஆனால் அதிலிருந்து எடுக்கும் முடிவு தப்பு. கேமராவுக்குத் தெரிவது குழாயின் உள்சுவர். சுவருக்கு வெளியே மண் கரைந்து பொந்து விழுந்திருந்தால் அது படத்தில் வராது. அதற்குச் சாலை மேலிருந்து ரேடார் வண்டி ஓட்ட வேண்டும், அதுவும் பத்து மீட்டர் ஆழம் வரை பார்க்காது, மேலே சில மீட்டருக்குள் இருப்பதைத்தான் காட்டும்.

ராத்திரி இரண்டு மணி வாக்கில், தண்ணீர் வரத்து குறைந்திருக்கும்போது, மேன்ஹோல் மூடியைத் திறந்து காற்று விட்டு, வாயு மீட்டரை இறக்கிப் பார்த்து, அப்புறம்தான் சக்கர வண்டியில் கேமராவை விடுவோம். திரையில் முதலில் தெரிவது வேர். இரண்டு குழாய் சேரும் இடத்தில் மயிரிழை வழி கிடைத்தாலும் போதும், உள்ளே வந்து தலைமுடிக் கற்றை மாதிரித் தொங்கும். அதைவிட மோசம் கூரை. சாக்கடையில் கிளம்பும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மேலே போய் ஈரச் சுவரில் ஒட்டுகிறது, அங்கே இருக்கும் பாக்டீரியா அதைக் கந்தக அமிலம் ஆக்கிவிடுகிறது, அமிலம் கான்கிரீட்டைத் தின்கிறது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் பாகம் புதுசு மாதிரி இருக்கும், கூரை ஊறிய சாக்பீஸ் மாதிரி ஆகியிருக்கும். ஒரு இடத்தில் பெரிய குழாய்க்குள் ஆளே இறங்கிப் பார்த்தோம், ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், பிடி வரை போய்விட்டது. அதே காலத்தில் போட்ட குழாய்தான் பக்கத்துத் தெருவிலும், அங்கே சுவரில் ஒரு கீறல் கிடையாது. இதை எந்தப் பதிவேடு சொல்லும்?

தார்_டப்பா:
எல்லோரும் மண்ணுக்குள்ளேயே இருக்கிறீர்கள், நான் சாலைக்காரன். "ஒரே தடவை தோண்டி மூன்றையும் மாற்று" என்பது காதுக்கு இனிமை. ஆனால் சாலைக்குப் பதினைந்து, இருபது வருஷம், குழாய்க்கு அதைப் போல மூன்று நாலு மடங்கு. எதன் வயசுக்கு எதை மாற்றுவீர்கள்?

இன்னொன்று, சாலை ஒரே சீராகக் கெடுவதில்லை. பல வருஷம் மெதுவாகத் தேய்ந்து, மேலே சின்ன வெடிப்பு விழுந்து, அந்த வெடிப்பு வழியாகத் தண்ணீர் ஜல்லிப் படுகைக்குள் போனதும் சடசடவென்று விழும். பூஜ்யத்திலிருந்து நூறு வரை மதிப்பெண் போட்டு வைத்தால் எழுபதில் இருக்கும் சாலைக்கு வெடிப்பை அடைத்து மேலே மெல்லிசாக ஒரு பூச்சு போதும். முப்பதில் இருப்பதை அடியோடு பெயர்த்துத்தான் போட வேண்டும், செலவு பல மடங்கு. ஆனால் நல்ல சாலைக்குப் பூச்சு போடப் போனால் "அங்கே குழியில் வண்டி கவிழ்கிறது, இங்கே வழவழவென்று இருப்பதற்கு மேக்கப்பா" என்று சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பயந்து மோசமானதை முதலில் எடுத்து எடுத்து, நல்லதெல்லாம் மோசமாகும் வரை காத்திருக்கிறோம்.

மேடுபள்ளம்:
அதெல்லாம் சரி, நான் குடியிருந்த தெருவில் புதுச் சாலை போட்டு நாலு மாசத்தில் குழாய் மாற்றக் குறுக்கே வெட்டினார்கள். மூடிய இடம் முதல் மழையிலேயே அமுங்கி, இரண்டு சக்கர வண்டிக்காரர் ஒருவர் என் கண் முன்னால் விழுந்தார். அந்த வெட்டை மூடும்போது நான் நின்று பார்த்தேன், மண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்துக் கெட்டிப்படுத்தவே இல்லை, மொத்தமாகத் தள்ளி மேலே தார் ஊற்றிவிட்டுப் போனார்கள். சேர்த்துத் தோண்டச் சொல்வது இதனால்தான்.

குழாயடி:
சாலை போடுவதற்கு முன்னால் அடியில் இருப்பதைச் சோதித்துவிட்டுப் போடு என்பதைத்தானே நாங்களும் சொல்கிறோம்! கெட்டதை மாற்று, நல்லதை விடு, அப்புறம் தார் போடு.

மேடுபள்ளம்:
சரி, கேட்கிறேன். தெருவுக்குள் ஓடும் நாலு அங்குல, ஆறு அங்குலக் குடிநீர்க் குழாயில் எப்போதும் தண்ணீர் அழுத்தத்தில் நிற்கிறது. அதற்குள் எந்தக் கேமராவை விடுவீர்கள்? பார்க்கவே முடியாததற்கு வயசைத் தவிர வேறு என்ன கணக்கு?

குழாயடி:
உடைப்புக் கணக்கு. எந்தத் தெரு, எந்த ரகக் குழாய், என்ன விட்டம், உடைப்பு குறுக்கே வட்டமாக விழுந்ததா, நீளவாக்கில் கிழிந்ததா, மண் அரிப்பா என்று ஒவ்வொரு தடவையும் நாலு வரி எழுதி வைத்தாலே போதும். ஒருமுறை உடைந்த குழாய்தான் மறுபடி உடையும். அப்புறம் ராத்திரிக் கணக்கு: ஒரு பகுதிக்கு ஒரே மீட்டர் வைத்து, ஊர் தூங்கும் நேரத்தில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். குடிப்பவன் இல்லாத நேரத்தில் ஓடும் தண்ணீரில் பெரும்பங்கு மண்ணுக்குத்தான் போகிறது. இன்னொரு விஷயம், குழாயை மாற்றாமலேயே உடைப்பைக் குறைக்கலாம். பயன்பாடு குறையும் ராத்திரியில் குழாய்க்குள் அழுத்தம் ஏறும், அதைக் குறைக்கும் வால்வு வைத்தால் கசிவும் குறையும், உடைப்பும் குறையும். வயசு பார்க்கும் கட்சியில் இந்த வழியே கிடையாது.

மேடுபள்ளம்:
ஈயக் குழாய்க்கு என்ன சொல்வீர்கள்? அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்தில் 2014-ல் தண்ணீர் எடுக்கும் இடத்தை ஆற்றுக்கு மாற்றினார்கள், அரிப்பைத் தடுக்கும் மருந்தைச் சேர்க்காமல் விட்டார்கள், குழாயின் உள்ளே படிந்திருந்த பாதுகாப்புப் படலம் கரைந்து ஈயம் வீட்டுக் குழாயில் வந்தது. அந்தக் குழாய்கள் ஒழுகவில்லை, உடையவில்லை. உங்கள் உடைப்புக் கணக்கில் அவை நூற்றுக்கு நூறு!

குழாயடி:
இதை ஒப்புக்கொள்கிறேன். ஈயம் என்றால் ஆய்வே வேண்டாம், எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு எல்லாவற்றையும் பிடுங்க வேண்டியதுதான்.

கேமராக்காரன்:
மாற்றுவது என்றாலே தோண்டுவது என்று இரண்டு பேருமே பேசுகிறீர்கள். ரெசின் என்ற இறுகும் பிசின் ஊறிய உறையைப் பழைய சாக்கடைக் குழாய்க்குள் செலுத்தி, வெந்நீரால் உப்ப வைத்து இறுக விடும் முறை 1971-லேயே லண்டனில் வந்துவிட்டது. பழைய குழாய்க்குள் புதுக் குழாய், தெரு அப்படியே இருக்கும். ஆனால் குழாய் நடுவில் தொய்ந்திருந்தால் உறையும் அதே தொய்வோடு உட்காரும், இடிந்து விழுந்த இடத்தில் போகவே போகாது. ஆக அதற்கும் முதலில் கேமரா விட்டுத்தான் ஆக வேண்டும். அப்புறம் நாங்கள் ஒன்று முதல் ஐந்து வரை (ஐந்துதான் படுமோசம்) தரம் போடுவதை மட்டும் பார்க்காதீர்கள். வயல் ஓரத்தில் ஐந்து வாங்கிய குழாய் காத்திருக்கலாம், ஆஸ்பத்திரி வாசலில் நாலு வாங்கியது காத்திருக்கக் கூடாது.

குழாயடி:
போன மாசம் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு உடைப்பு. அடைக்க வேண்டிய வால்வு எங்கே என்று வரைபடத்தில் இருக்கிறது, தெருவில் இல்லை. தண்ணீர் முழங்கால் அளவு ஓட, மூன்று மணி நேரம் தேடினோம். கடைசியில் புதுத் தாருக்கு அடியில் மூடி.

தார்_டப்பா:
எந்த ஊர் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ரோலர் போகும்போது மூடியை யார் பார்க்கிறார்கள், உயர்த்தி வைக்க யாரும் வரவில்லை என்றால் மேலேயே போட்டுவிட்டுப் போவோம்.

மேடுபள்ளம்:
பார்த்தீர்களா! அறிக்கை எழுதுவதை நிறுத்திவிட்டு முதலில் மூடியைத் தேடுங்கள்.

குழாயடி:
மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகத் தேடிக் குறித்து வைத்துக்கொண்டிருக்கிறோம் தம்பி. அதற்குப் பெயரும் ஆய்வுதான்.