நெகட்டிவ் ஸ்பேஸ்: ‘விடுவெளி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒளிப்படத்தில் முக்கியப் பொருளைச் சுற்றி விடப்படும் இடத்தை ஆங்கிலத்தில் நெகட்டிவ் ஸ்பேஸ் என்பார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று பேசும் இந்த இழையில் இப்படி இரண்டு சொற்கள் வந்திருந்தன:

> நெகட்டிவ் ஸ்பேஸ் = எதிர்மறை வெளி, வெற்றிடம்

இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. ஒளிப்படக்காரருக்கு நெகட்டிவ் என்றால் முதலில் நினைவுக்கு வருவது பிலிம்தான். போதாக்குறைக்கு, எதிர்மறை என்றாலே குறை என்ற தொனி பேச்சில் ஏறிவிட்டது. புதிதாகக் கேமரா பிடிப்பவர் இதைத் தவிர்க்க வேண்டிய ஒன்று என்று நினைத்துக்கொள்வார். படத்தைச் சட்டகத்துக்குள் அமைக்கக் கற்பவர் முதலில் பழக வேண்டியதே இதுதான்.

வெற்றிடம் இயற்பியலில் நிலைத்துவிட்ட சொல். அப்புறம், அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை. ஒளிப்படக் கலைஞர் மைக்கேல் கென்னா ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் எடுத்த பனிக்காலப் படங்கள் சிலவற்றில் சதுரச் சட்டகத்துக்குள் ஒற்றை மரம், மற்றதெல்லாம் பனி. சரி, அது வெறுமைக்குப் பக்கம். ஆனால் 1946-இல் அர்னால்டு நியூமன் எடுத்த ஸ்ட்ராவின்ஸ்கி படம்? இசையமைப்பாளர் இடது கீழ் மூலையில் ஒதுங்கியிருக்க, திறந்த பியானோவின் கறுப்பு மூடி படத்தை ஆள்கிறது. மூடியைச் சுற்றித் தெரிவது வெளிறிய சுவர். நியூமன் கேமராவில் பிடித்த காட்சி இன்னும் விரிவானது. ஓரங்களை நன்றாக வெட்டித்தான் அந்தச் சுவருக்கு அவ்வளவு திடமான வடிவம் கொடுத்தார்.

ஆக, இது மிஞ்சிப்போன இடம் இல்லை, படம் எடுப்பவர் யோசித்து, வேண்டுமென்றே விடுகிற இடம். அதனால் ‘விடுவெளி’ என்று முன்வைக்கிறேன். ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை. விட்ட வெளி, விடுகிற வெளி, விடும் வெளி மூன்றும் இதில் அடங்கும். இழையில் வந்த ‘சூழ்வெளி’யும் அழகான சொல்தான். ஆனால் எந்தப் படத்திலும் பொருளைச் சுற்றி ஏதோ ஒரு வெளி தானாகவே இருக்கும். எடுப்பவரின் தீர்மானம் அந்தச் சொல்லில் தெரியவில்லை.

கற்றுத்தரவும் இது கைகொடுக்கும். “முகத்தைக் கொஞ்சம் மறந்துவிட்டு விடுவெளியின் வடிவத்தைப் பார், கிளையோ கம்பமோ அதைக் கிழிக்கிறதா?” என்று ஒரே வரியில் கேட்டுவிடலாம்.

இதே வரிசையில் ஹெட்ரூமுக்கு (தலைக்கு மேல் விடும் இடம்) தலைவெளி, லீட் ரூமுக்கு (பொருள் போகும் அல்லது பார்க்கும் திசையில் விடும் இடம்) முன்வெளி என்று வைக்கலாம். முன்வெளியில் மட்டும் எனக்கு ஒரு தயக்கம்: ஓடும் வண்டிக்கு முன்னால் விடுவதற்கு அது சரியாகப் பொருந்துகிறது. பக்கவாட்டில் திரும்பிய முகத்துக்கு, பார்வை போகும் திசையில் விடுவதையும் அப்படியே சொல்லலாமா, இல்லை ‘நோக்குவெளி’ என்று பிரிக்கலாமா?