அப்பத்தாவின் கெம்பு அட்டிகை: பர்மாக் கல் என்றால் இயற்கைக் கல்தானா?

கண்டனூர் வாசகி:
எங்கள் ஐயா 1930-களில் ரங்கூனுக்குக் கொண்டுவிற்கப் போயிருந்தபோது வாங்கி வந்த கெம்பு அட்டிகை ஒன்று அப்பத்தாவிடம் இருக்கிறது. சென்ற வாரம் அதைப் பூந்திக்கொட்டை நீரில் கழுவும்போது ஓரத்துக் கல் ஒன்று கழன்று விழுந்தது. வளவு வெயிலில் பிடித்துப் பார்த்தால், நகையில் இருந்தபோது தெரிந்த அடர்சிவப்பு இல்லை. மாதுளை முத்து வெளுத்தாற்போல் இருக்கிறது. இது உண்மையான மாணிக்கம்தானா?

காரைக்குடிக் கல் பிரியன்:
ஆச்சி, நிறம் குறைந்ததைக் கண்டு கலங்க வேண்டாம். பழைய கட்டு நகைகளில் கல்லின் பின்புறத்தை மூடி, அடியில் பளபளக்கும் தகடு வைத்துக் கட்டுவது வழக்கம். நீங்கள் இதுவரை பார்த்த சிவப்பில் பாதி அந்தத் தகட்டினுடையது.

தேவகோட்டை வாசகர்:
நிறத்தைவிடக் கல்லின் உள்ளே இருப்பதுதான் முக்கியம். மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. அதில் சிறிதளவு கலந்த குரோமியமே சிவப்பைத் தருகிறது. பர்மாவின் மோகோக் சுரங்கக் கற்களில் இரும்பு மிகக் குறைவு என்பதால், அவை வெயில் பட்டால் உள்ளிருந்து கனல்வதுபோல் ஒளிரும். புறாவின் இரத்த நிறம் என்று போற்றப்படுவது அதுவே. ஆனால் பிரான்சின் வேதியியலாளர் வெர்னாய், மாணிக்கத்தைச் சுடரில் உருக்கி வளர்க்கும் முறையை 1902-இலேயே அறிவித்துவிட்டார். அந்தக் கற்களும் அப்படியே ஒளிரும் என்பதால், நகை பழையது என்பதோ ரங்கூனில் வாங்கியது என்பதோ சான்றாகாது. பத்து மடங்கு லென்ஸில் வளைந்த கோடுகளோ காற்றுக் குமிழ்களோ தெரிந்தால் செயற்கை. பட்டு இழைபோல் நுண்ணிய ஊசிகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் பெரும்பாலும் இயற்கை. விழுந்த கல்லை மட்டும் காட்டுங்கள். மற்றவற்றைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள்.

பள்ளத்தூர் அன்பர்:
மாணிக்கம்போலவே தோன்றும் வேறொரு சிவப்புக் கல்லான ஸ்பைனலையும் மறந்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் அரச கிரீடத்தில் நெடுங்காலம் மாணிக்கம் என்று மதிக்கப்பட்ட பெருங்கல்லே ஸ்பைனல்தான். நாகம் கக்கிய மாணிக்கம் என்ற கதையை நான் நம்புவதில்லை. என்றாலும், கண்ணகியின் சிலம்பில் இருந்தது முத்தல்ல, மாணிக்கம் என்று நிரூபணமான காட்சியைப் படித்து வளர்ந்த நமக்கு இந்தக் கல்லின்மேல் தனிப் பற்று இருக்கத்தான் செய்யும்.

கண்டனூர் வாசகி:
அண்ணன்மார்களுக்கு நன்றி. பத்தர் லென்ஸில் பார்த்தார். வெளிறிய ஓரத்துக் கல்லில் ஊசி இழைகள் தெளிவாகத் தெரிந்தன. நாங்கள் எல்லோரும் வியந்து பார்க்கும் நடுக்கல்லில்தான் வளைந்த கோடுகள் இருக்கின்றன. அப்பத்தாவிடம் சொன்னேன். "அது உங்க அத்தை கல்யாணத்துல தொலைஞ்சு போய், அவசரத்துக்கு இங்கேயே வாங்கி வச்சதுல்ல" என்கிறார்கள்.